அல்வா வீடியோ பரவும்போது யாரிடம் என்ன சொல்வது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் அல்வாக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் அல்வாவில் பூஞ்சை என்று ஒரு வீடியோ நேற்றிரவு முதல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போய்விட்டார். 30,000 ரூபாய் கொடுத்தால் வீடியோவை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? வக்கீல் நோட்டீஸ் விடலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். பல கைகளுக்குப் போய்விட்ட வாட்ஸ்அப் வீடியோவை யாராலும் திரும்ப வாங்க முடியாது. அவர் காட்டப்போவது நீக்கப்பட்ட ஒரே ஒரு ஃபேஸ்புக் பதிவு. அதைப் போட்டவரே அவருக்கு வேண்டியவராக இருக்கலாம். பணம் கொடுத்த சேதி கசிந்தால், பூஞ்சை உண்மைதான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பைக்கில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்து விளம்பரம் கேட்பவருக்கும், நூறு நல்ல ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்பவருக்கும் இதே பதில்தான்.

முதலில் அந்த அல்வா எந்தத் தேதியில் கிண்டியது, எத்தனை கிலோ, மிச்சம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். மிச்சத்தைக் கொட்டினால் தடயத்தை அழித்ததாகப் பேச்சு வரும். விற்காமல், தேதி எழுதித் தனியே கட்டி வையுங்கள். சிசிடிவி பதிவை இன்றே பென்டிரைவில் ஏற்றுங்கள். நாள் போனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

அடுத்து அறிக்கை. கடை லெட்டர்பேடில், தேதியும் நேரமும் போட்டு, ஆறு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள்: "எங்கள் அல்வா பற்றிய வீடியோவைப் பார்த்தோம். அன்று கிண்டிய அல்வா விற்பனையை நிறுத்திவிட்டோம். அதை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். அலுவலர் மாதிரி எடுத்துள்ளார். முடிவு வந்ததும் அறிவிப்போம். சந்தேகங்களுக்கு இந்த எண்." இதையே எல்லா நிருபர்களுக்கும் ஒரே நேரத்தில், மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள். கடை வாசலிலும் ஒட்டுங்கள். வீடியோவைச் சேர்த்து அனுப்ப வேண்டாம், பார்க்காதவரும் பார்ப்பார்.

அந்த எண்ணில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். கல்லாவில் இருப்பவர், "அண்ணாச்சி, வாசல்ல எழுதிப் போட்டிருக்கோம், அந்த நம்பர்ல கேளுங்க" என்பதோடு நிறுத்தட்டும்.

சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் கட்டினால் நீர் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரயிலேறி மூன்று நாள் கழித்துப் பிரிப்பவருக்கு இது நேரலாம். ஆனாலும் "நீங்கள் சரியாக வைக்கவில்லை" என்று சொல்லாதீர்கள்; கட்டிக் கொடுத்தது உங்கள் கடை. "போட்டிக்காரன் சதி" என்பதும் வேண்டாம். உரிமச் சான்றிதழைக் காட்டி "அரசே சுத்தம் என்று சொன்னது" என்று விளம்பரம் செய்யாதீர்கள். அது தொழில் நடத்த அனுமதி. அல்வாவுக்குச் சான்று அல்ல. தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம். நாளை அடங்கவேண்டிய சேதி, நோட்டீஸ் போன பிறகு இன்னொரு வாரம் ஓடும்.

ஒன்றே ஒன்று வந்தால் இந்த வரிசை மாறும். சாப்பிட்டவர் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் அறிக்கைக்கு முன் அந்தக் குடும்பத்திடம் போங்கள். முதலாளியே போகவேண்டும், மேனேஜர் போதாது, கட்சிக்காரரைத் துணைக்குக் கூட்டிப் போகவே கூடாது. கேமரா வேண்டாம். செலவைத் தருவதானால் பில் தொகையை ஆஸ்பத்திரியிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். வீடியோவை நீக்கச் சொல்லியோ, "புகார் இல்லை" என்று எழுதிக் கேட்டோ வாய் திறக்காதீர்கள். குழந்தை என்றால் பெயரை எங்கும் சொல்லக்கூடாது. அறிக்கையின் முதல் வரியும் அவர் உடல்நிலை பற்றியதாகவே இருக்கட்டும்.

மாதிரி விஷயம். அதை நான்காகப் பிரிப்பார்கள். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி, எடுக்கும்போதே எழுத்தில் கேட்டிருக்கலாம், செலவு உங்களுடையது. இதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாதது அநியாயம். மாதிரியைச் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும் என்கிறது சட்டம். பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் (மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரி) மேல்முறையீடு செய்யுங்கள். அலுவலர் சோதனைக்கு வந்தபோது எடுத்த படம் மறுநாளே பேப்பரில் வரும். குறையில்லை என்ற முடிவை யாரும் தேடி வந்து போடமாட்டார்கள். 15-ஆம் நாள் நீங்களே எழுதிக் கேளுங்கள். நகல் கைக்கு வந்ததும் அதே நிருபர்களுக்கு அனுப்பி, வாசலில் அதே இடத்தில் ஒட்டுங்கள்.