பழைய நெறிமுறைகளும் அலுவலக ரவுட்டரும்: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பழைய கணக்குகள் இன்னும் நெட்வேர் 3.12 (நாவல் நிறுவனத்தின் பழைய சர்வர் இயங்குதளம்) சர்வரில்தான் இருக்கின்றன. மாற்றாக வாங்கிய சிஸ்கோ ரவுட்டரில் ஐபிஎக்ஸ் (நெட்வேரின் வலையமைப்பு நெறிமுறை) ரவுட்டிங்கை இயக்கிய பிறகும், மாடியிலுள்ள கணினிகளுக்கு அந்த சர்வர் தென்படவில்லை. ஏன்?

பதில்: முதலில் ஃபிரேம் (கம்பியில் தரவு செல்லும் பொதியின் வடிவம்) வகையைப் பாருங்கள். ஐபிஎக்ஸ் ஒரே ஈதர்நெட் கம்பியில் நான்கு வகை ஃபிரேம்களில் செல்லக்கூடியது. ஒரு வகையில் அனுப்புவது வேறு வகைக்கு அமைக்கப்பட்ட கருவிக்குப் புரியாது. நெட்வேர் 3.11 வரை 802.3 வகை இயல்பாக இருந்தது, 3.12 முதல் அது 802.2 ஆயிற்று. நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால், ரவுட்டர் ‘நாவல்-ஈதர்’ என்ற பெயரில் பழைய 802.3 வகையையே எடுத்துக்கொள்ளும். எனவே சர்வர் பக்க இன்டர்ஃபேஸில், நெட்வொர்க் எண்ணுக்குப் பின் ‘என்கேப்சுலேஷன் சாப்’ என்று சேர்க்க வேண்டும்; 802.2 வகைக்கு சிஸ்கோ வைத்த பெயர் ‘சாப்’. (நெட்வேரில் சேவைகளை அறிவிக்கும் நெறிமுறைக்கும் ‘சாப்’ என்றே பெயர், இரண்டுக்கும் தொடர்பில்லை.) அந்த நெட்வொர்க் எண், சர்வரில் ஐபிஎக்ஸை நெட்வொர்க் கார்டுடன் இணைக்கும் ‘பைண்ட்’ கட்டளையில் உள்ள எண்ணாகவே இருக்க வேண்டும், சர்வர் தனக்குள் மட்டும் பயன்படுத்தும் இன்டர்னல் நெட்வொர்க் எண்ணை அங்கே இட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. சேவை அறிவிப்பு 60 விநாடிக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், சற்றுப் பொறுத்து ‘ஷோ ஐபிஎக்ஸ் சர்வர்ஸ்’ கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கிளையில் 172.16.1.0, மற்றொன்றில் 172.16.2.0, நடுவிலுள்ள இணைப்பு 192.168.5.0. ரிப் (ரவுட்டர்கள் தமக்குத் தெரிந்த வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை) இயங்கியும் கிளைகள் ஒன்றையொன்று அறியவில்லை.

பதில்: 1988-இல் ஆர்எஃப்சி 1058 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த ரிப் முதல் பதிப்பின் அறிவிப்புகளில் சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) இடம்பெறுவதில்லை. ஆகவே 192.168.5.0 என்ற எல்லையைத் தாண்டும்போது இரண்டு ரவுட்டர்களுமே 172.16.0.0 முழுவதும் தம்மிடம் இருப்பதாக அறிவிக்கின்றன. அதே வலையமைப்பின் ஒரு பகுதி தன்னிடமும் இருப்பதால், கேட்கும் ரவுட்டர் அந்த அறிவிப்பைப் புறக்கணித்துவிடுகிறது. இரு பக்கமும், மாஸ்க்கையும் சேர்த்து அனுப்பும் ‘வெர்ஷன் 2’, இப்படிச் சுருக்கி அறிவிப்பதை நிறுத்தும் ‘நோ ஆட்டோ-சம்மரி’ ஆகிய இரண்டையும் கொடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றினால் போதாது. ஏதேனும் ஒரு கருவிக்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியுமென்றால், இரண்டே கிளைகளுக்கு ரிப்புடன் போராடுவதை விட ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) எழுதிவிடுவதே மேல்.

கேள்வி: பிபிடிபி விபிஎன்னுக்காக (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் இணையும் பழைய முறை) 1723, 47 ஆகிய இரு போர்ட்டுகளையும் திறந்தும் இணைப்பு பாதியில் நிற்கிறது.

பதில்: 47 என்பது போர்ட் எண் அன்று, பிபிடிபி தன் தரவை அனுப்பப் பயன்படுத்தும் ஜிஆர்இ-யின் ஐபி நெறிமுறை எண். ஃபயர்வாலில் ஜிஆர்இ-யையே அனுமதிக்க வேண்டும். ஆனால் 2016-இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 10, மேக்ஓஎஸ் சியெரா ஆகியவற்றிலிருந்தே நீக்கப்பட்ட பிபிடிபி நெறிமுறையைச் சரிசெய்வதில் பொருளில்லை; ஐகேஇவி2 என்ற புதிய விபிஎன் முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: எங்கள் சிஸ்கோ ரவுட்டரில் டெல்நெட் மட்டுமே இயங்குகிறது. மறையாக்கத்துடன் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வைக்க முடியுமா?

பதில்: ரவுட்டரின் இயங்குதளமான சிஸ்கோ ஐஓஎஸ்ஸின் கோப்புப் பெயரில், மறையாக்க வசதியைக் குறிக்கும் ‘கே9’ இருந்தால் முடியும். ஹோஸ்ட்நேம், டொமைன் பெயர் இரண்டையும் இட்டு, 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்கி, எஸ்எஸ்எச் வழியே ஒருமுறை நுழைந்து பார்த்த பின்னரே எஸ்எஸ்எச்சை மட்டும் அனுமதிக்கும் ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்’ கட்டளையைக் கொடுங்கள். ‘கே9’ இல்லையென்றால், டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகச் செல்லும் என்பதால், ‘ஆக்சஸ்-கிளாஸ்’ கட்டளை மூலம் நிர்வாகி கணினி ஒன்றுக்கு மட்டும் அனுமதி அளியுங்கள்.