குடியேறிய நாட்டிலும் தன் மரபிசையை விடாமல் வாசித்த கலைஞர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

வூ மான். சீனாவின் பிபா என்ற வாத்தியத்தை வாசிப்பவர். 1990-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இன்றுவரை அவர் கையில் அதே பிபாதான்.

அவரை முதன்முதலில் நான் கேட்டது ஒரு பின்னிரவில். இசையமைப்பாளர் டான் டுன் 1994-இல் எழுதிய 'பேய் ஓபரா' ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சலசலக்கும் சத்தம். சமையலறைக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டேனோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் மூடித்தான் இருந்தது. தண்ணீர், கல், உலோகம், காகிதம் எல்லாமே அந்தப் படைப்பில் வாத்தியங்கள்! வயலின் வகைத் தந்தி வாத்தியங்கள் வாசிக்கும் குரோனோஸ் நால்வர் குழு, மேற்கத்திய இசைமேதை பாக்கின் இசையை வாசிக்க, ஒரு சீன நாட்டுப்பாடல் அதில் வந்து கலக்கிறது. நடுவில் வூ மானின் பிபா. அன்று பிடித்த பைத்தியம்.

பிபாவைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பேரிக்காய் வடிவம், நான்கு தந்திகள். மடியில் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார்கள். வலக்கை விரல் ஐந்திலும் செயற்கை நகங்களை டேப் சுற்றி ஒட்டிக்கொள்வார்கள். 'பி' என்றால் விரலை வெளியே தள்ளி மீட்டுவது, 'பா' என்றால் உள்ளே இழுத்து மீட்டுவது. கையசைவே பெயராகிவிட்டது. ஐந்து விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தந்தியில் சுழல்வதைச் 'சக்கரம்' என்கிறார்கள். சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய ஒலி அப்போது அறாத இழையாக நீளும். இன்னொன்று: பிபாவின் மூதாதையே மத்திய ஆசியாவிலிருந்து பட்டுப்பாதை வழியாகச் சீனாவுக்கு வந்து குடியேறியதுதான்.

வூ மான் பிறந்தது ஹாங்சோவில். 13 வயதில் பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரியில் சேர்ந்து, பிபா ஆசான் லின் ஷிசெங்கிடம் பூடோங் என்ற வாசிப்புப் பாணியைக் கற்றார். சீனாவில் பிபாவுக்கென முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஊரிலேயே சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் போய் இறங்கியது அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில். அங்கே பலருக்கு பிபா என்ற பெயரே புதிது.

சரி, என்ன செய்தார்? பழைய உருப்படிகளைத் தொடர்ந்து வாசித்தார். அதோடு மேற்கத்திய இசையமைப்பாளர்களை பிபாவுக்காக எழுத வைத்தார். லூ ஹாரிசன் எண்பது வயதை நெருங்கும்போது, 1997-இல், பிபாவும் தந்தி வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்க ஒரு கான்செர்ட்டோ எழுதினார். செல்லோ கலைஞர் யோ-யோ மா உருவாக்கிய சில்க் ரோடு இசைக்குழுவிலும் தொடக்கம் முதலே வூ மான் இருக்கிறார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அவர் திரும்பிப் போன பயணம். பெயரும் புகழும் வந்த பிறகு சீனக் கிராமங்களுக்குப் போய், கல்லூரி கற்றுத்தராத இசையைத் தேடினார். ஷான்சி மாகாணத்து ஹுவாயினில் ஜாங் குடும்பத்தாரின் நிழற்பாவைக் குழுவைக் கண்டார். தொண்டை கிழியப் பாடுவார்கள், மரப் பெஞ்சைக் கட்டையால் அறைந்தே தாளம் போடுவார்கள். அவர்களை 2009-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கமான கார்னகி ஹாலுக்கே அழைத்து வந்தார். தான் ஏறிய மேடையில் அவர்களுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தாரே, அங்கேதான் எனக்கு அவர் மேல் மதிப்பு பல மடங்கு கூடியது.

2023-இல் அமெரிக்க அரசு, மரபுக்கலைஞர்களுக்குத் தரும் தன் மிக உயர்ந்த கௌரவமான தேசிய மரபு ஃபெலோஷிப்பை அவருக்கு வழங்கியது. சீன வாத்தியத்தையும் அந்த நாடு தன் மரபென்று ஏற்றுக்கொண்டதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

அப்புறம், எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? 'பத்துத் திசைப் பதுங்கல்' என்ற பழைய பிபா உருப்படியை அவர் வாசித்துக் கேளுங்கள். கி.மு. 202-இல் சீனாவில் லியூ பாங்கின் படை அவருடைய எதிரி ஷியாங் யூவை வளைத்த போர்தான் கதை. போர் மூளும்போது தந்திகளை ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிப் பிடித்து வாள் மோதும் ஓசையைக் கொண்டுவருவார். அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள்.