கிளாஸ்ல பிள்ளைங்க பேசுனா படிப்பு கெட்டுருமா?

ஈரோட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: பொண்ணு கவர்மென்ட் எய்டட் ஸ்கூல்ல ஆறாவது, புது கணக்கு டீச்சர் பிள்ளைங்கள நாலு நாலு பேரா உக்கார வச்சு பேச விடுறாங்களாம், நோட்டுல பாதி பக்கம் காலி, நல்லா படிக்கிற பொண்ணுக்கு மத்தவங்களுக்கு சொல்லிக்குடுத்தே நேரம் போகுதாம், டியூஷன்ல சேத்துடலாமான்னு.

வேண்டாம்மா. சொல்லிக்குடுக்குற பிள்ளைக்குத்தான் இதுல லாபம் ஜாஸ்தி. 1/3 பெருசா 1/4 பெருசான்னு கேட்டா உங்க பொண்ணு டக்குனு 1/3ன்னு சொல்லிரும். பக்கத்துல இருக்குற பையன் "மூணை விட நாலுதானே பெருசு, அப்ப 1/4 தான்"னு மல்லுக்கு நிப்பான். "மிஸ் சொன்னாங்க"ன்னு சொல்லி அங்க தப்பிக்க முடியாது, ஒரே அளவு பேப்பர் ரெண்டை எடுத்து ஒண்ணை மூணா, ஒண்ணை நாலா மடிச்சு, பங்கு கூடுனா துண்டு சிறுசாகும்னு காட்டியாகணும், அப்படி காட்டும்போதுதான் தனக்கு எது நெஜமாவே புரிஞ்சிருக்கு, எது வெறும் மனப்பாடம்னு அந்தப் பிள்ளைக்கே தெரிய வரும். பையனும் டீச்சர்கிட்ட கேக்க கூச்சப்படுறதை இவகிட்ட கேட்டுருவான்.

ஒரு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. குரூப்ல யாருக்குமே பாடம் புரியலன்னா பேச்சு வெட்டிப் பேச்சுதான், சத்தமா பேசுறவன் சொல்ற தப்பை நாலு பேரும் எழுதிட்டு வருவாங்க. ஹார்வர்டுல எரிக் மஸூர்னு ஒரு ஃபிஸிக்ஸ் புரொஃபசர் 1991ல இருந்து கிளாஸை இந்த மாதிரிதான் நடத்துனார். முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா யோசிச்சு பதில் சொல்லணும். 100க்கு 30 பேர் கூட சரியா சொல்லலன்னா விவாதம் கிடையாது, திரும்ப பாடம் நடத்தணும். 70 பேருக்கு மேல சரின்னா சுருக்கமா விளக்கிட்டு அடுத்ததுக்கு போயிரலாம். நடுவுல இருந்தாத்தான் பேச விடணும். எடுத்த எடுப்புல "பேசுங்க பிள்ளைங்களா"ன்னு விட்டுட்டு டீச்சர் ரெஜிஸ்டர் எழுத உக்காந்தா அது குரூப் ஒர்க்கே இல்ல.

அதை விட பெரிய தொல்லை ஸ்டேஷனரி கடை புராஜெக்ட். வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பரீட்சை போக கிளாஸ்ல அப்பப்ப பாக்குற மதிப்பீட்டுக்கு, 40 மார்க் வச்சதுல ஒரு பங்கு பிள்ளைங்க தாங்களே செஞ்சு பாக்குற வேலைக்குத்தான். இப்ப கடையில ரெடிமேடா சார்ட், தெர்மாகோல் மாடல், எல்லாம் விலைக்கு கிடைக்குது, நாலு பேர் காசு போட்டு வாங்கி பேர் மட்டும் எழுதி ஒட்டுறாங்க. தயவுசெஞ்சு அதுக்கு பத்து பைசா குடுக்காதீங்க. சில தனியார் ஸ்கூல்ல "ஆக்டிவிட்டி கிட்"னு ஏஜென்ட் கொண்டாந்து தள்ளுற பெட்டிக்கும் இதேதான். பேசுறதுக்கு எதுக்குங்க பெட்டி?

டீச்சரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 35 பிள்ளைக்கு ஒரு டீச்சர்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது, எத்தனை ஸ்கூல்ல அப்படி இருக்கு? இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்க நோட்டு நெறைஞ்சிருக்கா, கிளாஸ் அமைதியா இருக்கான்னுதான் பாக்குறாங்க, பிள்ளை என்ன பேசுதுன்னு ஒரு நிமிஷம் நின்னு கேக்குறதில்ல. எரிச்சலா வருது.

டீச்சரைப் பாத்து ரெண்டே கேள்வி கேளுங்க: பேசுறதுக்கு முன்னாடி தனியா யோசிக்க நேரம் குடுக்குறீங்களா, பேசி முடிச்சப்புறம் சரியான விடைய போர்டுல எழுதி நோட்டுல ஏத்த வைக்கிறீங்களா. ரெண்டுக்கும் ஆமான்னா டியூஷன் காசை மிச்சம் பண்ணிக்கோங்க. ரெண்டாவதுக்கு இல்லன்னா, அதை மட்டும் செய்யச் சொல்லி தன்மையா கேளுங்க, காலிப் பக்கம் தானா நெறையும்.