குட்டைப்பன்றி குளோனிங்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆராய்ச்சிக்கான குட்டைப்பன்றி இனத்தைக் காக்க விந்தையோ கருவையோ உறைய வைத்தால் போதாதா? குளோனிங் எதற்கு?

பதில்: விந்தில் இருப்பது பாதி மரபு. அருமையான ஒரு பன்றி செத்துப்போனால், விந்தை வைத்து அதை அப்படியே மீட்க முடியாது. கருவிலோ கொழுப்புத் துளிகள் மண்டிக் கிடக்கும். நுண்ணோக்கியில் கருகருவென்று தெரியும். அந்தக் கொழுப்புதான் குளிரில் கருவைக் கெடுக்கிறது. குளோனிங்கில் குட்டியை உருவாக்கப் பயன்படும் தோல் செல்லில் முழு மரபும் உண்டு, அந்தக் கொழுப்புத் தொல்லையும் இல்லை. காதோரம் சிறு துண்டு வெட்டி, செல்களை வளர்த்து, உறைதலில் செல் சேதமாகாமல் காக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தை 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 80 வரை குளிர்வித்து, திரவ நைட்ரஜனுக்கு மாற்றினால் பல ஆண்டுகள் கெடாது. செல்கள் அதிகம் பெருகுமுன் உறைய வைத்துவிடுங்கள். நாள்பட வளர்த்தால் பன்றி செல்லில் இருக்க வேண்டிய 38 குரோமோசோம் கணக்கு பிசகும். ஒரே பன்றியின் செல்லை நூறு குப்பியில் சேர்ப்பதால் இனம் பிழைக்காது. உறவில்லாத பல பன்றிகளின் செல்கள் வேண்டும்.

கேள்வி: ஏன் குட்டைப்பன்றி?

பதில்: உடலளவுதான் காரணம். பண்ணைப் பன்றி 200 கிலோவைத் தாண்டும். 1960களில் ஜெர்மனியில் உருவான கோட்டிங்கன் இனம் 40 கிலோ அளவில் நின்றுவிடும். மருந்தும் இடமும் மிச்சம். 2024 மார்ச்சில் பாஸ்டனில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய, மரபணு திருத்திய சிறுநீரகம் யுகடான் குட்டைப்பன்றியுடையது.

கேள்வி: செய்முறை என்ன? எங்கே தவறுகிறது?

பதில்: கருமுட்டைகளை இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் சூலகங்களிலிருந்து உறிஞ்சி எடுத்து, சுமார் 39 டிகிரியில் 42 முதல் 44 மணி நேரம் முதிரவைப்பார்கள். ஈன்ற பன்றியின் முட்டை நல்லது. பருவமடையாத பன்றியின் முட்டை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். உட்கருவை நீக்கி, தோல் செல்லை உள்ளே வைத்து, மின் துடிப்பால் இணைப்பார்கள். துடிப்பு கூடினால் முட்டை வெடிக்கும், குறைந்தால் ஒட்டாது. பிறகு, சினைப்பருவம் ஒத்துவந்த பெரிய பண்ணைப் பன்றியின் கருக்குழாயில் நூறுக்கும் மேற்பட்ட கருக்களை விடுவார்கள். சினையின் தொடக்கத்தில் கருப்பையில் நான்கு கருவாவது உயிரோடு இல்லாவிட்டால் பன்றியின் உடல் சினையை ஏற்காது. அதனால்தான் இத்தனை கருக்கள். நூறில் ஒன்றிரண்டு குட்டியாகப் பிறந்தாலே நல்ல பலன்.

அதன்பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. கடைசியில் ஓரிரு குட்டிகளே எஞ்சியிருந்தால், வழக்கமான 114 நாள் கடந்தும் பேறு தள்ளிப்போகும். ஊசி போட்டோ அறுவை செய்தோ எடுக்க வேண்டும். தோல் செல்லில் மரபணுக்களை மூடிவைத்த குறிகள் முழுதாக அழியாததால் சில குட்டிகள் தடித்த நாக்கு, மடங்கிய முன்கால், மிகக் குறைந்த எடையுடன் பிறக்கின்றன. நாக்கு தடித்த குட்டியால் பால் உறிஞ்ச முடியாது. நஞ்சுக்கொடி வழியே நோயெதிர்ப்புப் பொருள் பன்றிக்குட்டிக்குப் போகாது என்பதால், 24 மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குழாய் மூலமாவது புகட்டியே ஆக வேண்டும். படுக்கும் இடத்தில் 32 டிகிரிக்குக் குறையாத சூடும் வேண்டும்.

கேள்வி: குளோன் பன்றிகளை இணைசேர்த்தால் குட்டிகளுக்கும் இந்தக் குறை வருமா?

பதில்: பொதுவாக வராது. விந்தும் முட்டையும் உருவாகும்போது அந்தக் குறிகள் புதிதாக எழுதப்படுகின்றன. எனவே சில குளோன்களை மட்டும் உண்டாக்கி, மந்தையை இயல்பான இனச்சேர்க்கையில் பெருக்குவதே சரி. ஒன்றில் கவனம் வேண்டும்: முட்டை பண்ணைப் பன்றியுடையது என்றால் குளோனின் மைட்டோகாண்ட்ரியாவும் (செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென மரபணு கொண்ட உறுப்பு) அதனுடையதே. பெண் குளோன் அதைத் தன் குட்டிகளுக்குக் கடத்தும், ஆண் குளோன் கடத்தாது. ஆகவே ஆண் குளோனைத் தூய இனப் பெண்ணோடு சேருங்கள்.