வாசகர் கேள்வி – பதில்: பெரம்பூர்ப் பெட்டியும் புதிய தொழிலும்

கேள்வி: நானும் என் நண்பரும் பெரம்பூரில் வசிக்கிறோம். எங்கள் இருவருடைய தந்தையரும் இரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். பத்து ஆண்டுகளாக இரயில் பெட்டிகளை 1:87 அளவில் (உண்மை அளவில் 87இல் ஒரு பங்காக) அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்து வருகிறோம். பார்ப்பவர்கள் விலைக்குக் கேட்பதால், பழைய நீலநிறப் பெட்டியை, வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் கிட்டாகச் செய்து விற்க எண்ணுகிறோம். எதில் கவனம் வேண்டும்?
– இரு நண்பர்கள், பெரம்பூர்

பதில்: உங்கள் தேர்வு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. 1955இல் சுவிஸ் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கப்பட்ட அத்தொழிற்சாலை, அந்த வடிவப் பெட்டிகளைக் கட்டுவதை 2018இல் நிறுத்திவிட்டது. எஞ்சி ஓடுபவையும் குறைந்து வரும் நிலையில், அவற்றை அளவு பிசகாமல் செய்துவைக்க உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இருக்க முடியாது. தந்தையர் இருவரையும் அமரவைத்து, எந்தப் பாகம் எதற்கு என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு பெட்டியை நன்றாகச் செய்வது வேறு, அதையே இன்னொருவர் செய்யும்படி பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுப்பது வேறு. உங்கள் மேசையில் கூரைக்கும் பக்கச்சுவருக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், கை தானாகவே உப்புத்தாளை எடுத்துச் சரிசெய்துவிடும். பணம் கொடுத்து வாங்கியவருக்கோ அது உங்கள் பிழையாகவே தெரியும். எனவே முதலில் செய்யும் சில கிட்களை விற்காமல், இதுவரை எதையும் பொருத்தியிராத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் அருகில் வாய் திறக்காமல் அமர்ந்து, அவர் எங்கெல்லாம் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் தயங்கிய ஒவ்வோர் இடத்திலும் செய்முறைத் தாளில் ஒரு படம் கூடுதலாக வர வேண்டும்.

அடுத்து, தண்டவாளத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள். நம் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மி.மீ.; 1:87இல் அது ஏறத்தாழ 19.3 மி.மீ. ஆகிறது. கடைகளில் 1:87 மாதிரிகளுக்கென்று கிடைக்கும் ‘எச்.ஓ.’ தண்டவாளமோ 16.5 மி.மீ. மட்டுமே. சரியான அளவில் சக்கரம் வைத்தால் வாங்கியவரிடம் அதை ஓட்டத் தண்டவாளம் இராது, 16.5இல் வைத்தால் அகலமான பெட்டி ஒல்லியான கால்களில் நிற்பதுபோல் தோன்றும். ஓட்ட விரும்புபவரே பெரும்பாலோர் என்பதால், 16.5ஐத் தேர்ந்தெடுத்து, அதைக் கிட் வைக்கும் அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிடுவதுதான் நேர்மை என்பது என் கருத்து. விரும்புவோருக்கு அகலப் போகியை (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை) தனியாக விற்கலாம்.

சன்னல் கம்பிகள் உங்களைச் சோதிக்கும். 12 மி.மீ. கம்பி 1:87இல் 0.14 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. அட்டையில் லேசரால் வெட்டினால் அவ்வளவு மெல்லிய கம்பி கருகிப் போகும். அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடு நன்றாக வரும். அல்லது கண்ணாடித் தாளில் கோடாக அச்சிடலாம்.

போகி போன்ற பருமனான பாகங்களுக்குச் சிலிக்கோன் அச்சில் ரெசின் (ஊற்றினால் இறுகும் திரவம்) வார்ப்பு போதும். பிளாஸ்டிக் ஊசிவார்ப்பு அச்சுக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்பதால் இப்போது அதை நினைக்க வேண்டாம். பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளே கரியமில வாயு உண்டாகி நுரைத்துவிடும். கடற்காற்று வீசும் நம் பகுதியில், ஐப்பசி மழையில் திறந்து வைத்த டப்பா வீண்தான். உடனுக்குடன் இறுக மூடி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சன்னலைத் திறந்து, கையுறையும் வாயுக்களை வடிகட்டும் முகமூடியும் அணிந்து, குழந்தைகள் இல்லாத அறையில் மட்டும் வேலை செய்யுங்கள். ஓர் அச்சு சில டஜன் வார்ப்புகளில் கிழியத் தொடங்கும். மறுபடி அச்சு எடுக்க வேண்டும் என்பதால், மூல வடிவத்தை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள்.

விலை போடும்போது, ரெசின், அட்டை விலையோடு உங்கள் உழைப்பு மணிகளையும் வீணான வார்ப்புகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நட்பின் பேரில் இதை விட்டுவிடுபவர்கள், இருபதாவது கிட்டில் சலித்துப்போகிறார்கள். அட்டைப்பெட்டிக்கும் அட்டைக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெருக் கடைகளில் ஒரு நாள் சுற்றினாலே விலை விவரம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: என் மகன் செய்யும் மாதிரிக் கிட்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டுமா? ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அம்முத்திரை கட்டாயம். பெரியவர்கள் பொருத்திக் காட்சிக்கு வைக்கும் கிட் என்றால், அதைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் ஒரே மாதிரி எழுதுவதோடு, பொம்மை என்று எங்கும் விற்காமல் இருக்க வேண்டும். இருப்பினும் விற்பனைக்கு முன் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பொருள் விற்பனைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை; ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் பதிவு தேவைப்படும் என்பதால், முதல் பார்சலைக் கட்டுவதற்கு முன்பே ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.