வாசகர் கேள்வி – பதில்: மேடையில் சொன்னதைத் தாளில் தேடுவது எப்படி?

கேள்வி: தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாயை ஒரு மேடையில் சாதனை என்கிறார்கள், இன்னொரு மேடையில் பணம் வீண் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், திசையன்விளை

பதில்: எந்தத் திட்டமும் அறிவிப்பு, அரசாணை, ஒதுக்கீடு, செலவு, பயன் என்று ஐந்து படி தாண்டி வர வேண்டும். பேசுகிறவர் தமக்குத் தோதான ஒரு படியை மட்டும் காட்டுவார். மற்ற நான்கையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தாமிரபரணியில் உபரியாக வரும் வெள்ளத்தைத் திசையன்விளை போன்ற வறண்ட பகுதிகளுக்குத் திருப்பும் இந்தக் கால்வாய் 2009-ல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் திறந்தபோது மதிப்பீடு 1,060 கோடியைத் தாண்டியிருந்தது. இதை வைத்தே ஊழல் என்று முடிவு கட்ட முடியாது. விலைவாசி ஏறிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. மதிப்பீடு உயர்ந்தால் திருத்திய நிர்வாக ஒப்புதல் வேண்டும். அதற்கு அரசாணை இருக்கும். நில எடுப்புக்கு எவ்வளவு கூடியது, கட்டுமானப் பொருள் விலைக்கு எவ்வளவு, வடிவமைப்பை மாற்றியதற்கு எவ்வளவு என்று அதில் பிரித்துப் பாருங்கள். வேலை நின்று கிடந்த வருடங்களுக்கு யார் பொறுப்பு என்பது அங்கேதான் தெரியவரும்.

அடுத்து பட்ஜெட் நூல். ஒவ்வொரு தலைப்புக்கும் அதில் வரும் ஆண்டின் மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்த மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு எல்லாம் இருக்கும். செய்தித்தாளில் வருவது மதிப்பீடு மட்டுமே. உண்மையில் செலவானது ‘கணக்கு’ என்ற இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே 2024–25-ல் ஒதுக்கியது செலவானதா என்று பார்க்க 2026–27-க்கான நூலைப் புரட்ட வேண்டும். அதுவரை பொறுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு என்பதால்தான் அறிவிப்புக்கு இத்தனை மவுசு.

பயனை அளப்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். சுமார் 75 கிலோமீட்டர் வெட்டியாயிற்று என்பது வேலையின் அளவு, பயனின் அளவல்ல. திட்டத்தின் இலக்கு 2,765 மில்லியன் கன அடி வெள்ளநீரைத் திருப்புவது. பாபநாசம் அணைக் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி. அதுவும் தாமிரபரணியின் கன்னடியன் அணைக்கட்டில் உபரி இருந்தால்தான் திருப்ப முடியும். மழை பொய்த்த வருடத்தில் கால்வாய் காய்ந்து கிடப்பதைக் காட்டித் திட்டம் தோற்றது என்பது நியாயமில்லை. ஆற்றில் வெள்ளம் போன வருடத்தில் கேளுங்கள்: எந்தத் தேதிகளில், எத்தனை கன அடி திருப்பினார்கள்? கடைமடைக் குளங்கள் எத்தனை பெருகின? அதே ஆற்றில் கீழே உள்ள மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் பாசனத்துக்குக் குறை வந்ததா? திசையன்விளைக்காரர் மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்; ஸ்ரீவைகுண்டத்துக்காரரும் கேட்க வேண்டும்.

கேள்வி: “பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட நெல்லை மாவட்டத்தில் இது குறைந்தது, அது கூடியது” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் மாவட்ட எல்லையைப் பாருங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய எண்ணில் சங்கரன்கோவிலும் ஆலங்குளமும் சேர்ந்திருக்கும். இன்றைய நெல்லையோடு தென்காசியையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். 2011 கணக்கெடுப்பின் சுமார் 30.77 லட்சம் மக்கள்தொகையும் பழைய மாவட்டத்துக்கு உரியதே. இன்றைய நெல்லையின் எண்ணை அதால் வகுத்தால் எல்லாமே குறைந்ததுபோல் தெரியும்.

கேள்வி: எங்கள் தெரு தார்ச்சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. “ஏன் தரமாகப் போடவில்லை?” என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். “இது தகவல் வரையறைக்குள் வராது” என்று பதில் வந்திருக்கிறது.
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: அந்தப் பதில் எரிச்சலூட்டும், ஆனால் சட்டப்படி சரி. ஆவணத்தில் இருப்பதைத்தான் தர வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. ‘ஏன்’, ‘சரியா’ என்ற சொற்களை எடுத்துவிட்டு ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சாலைப் பணியின் மதிப்பீட்டு நகல், ஒப்பந்தப்புள்ளி ஏற்பு ஆணை, பணி உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, பட்டியல் தொகை வழங்கிய விவரம். மதிப்பீட்டில் உள்ள நீளம், அகலம், கனத்தை எம்-புக்கில் எழுதிய அளவோடு ஒப்பிட்டு, பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். ஒப்பந்தத்தில் பராமரிப்புப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்றும் பாருங்கள். அந்தக் காலம் இன்னும் முடியாமல் இருந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டியிருக்கும். பல ஊர்களில் யாரும் கேட்காமலே அந்தக் காலம் கடந்துவிடுகிறது.

மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் கேட்டால் பக்கக் கட்டணம் தனி. கட்டு பெரிதாக இருந்தால் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரி எடுக்கவும் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். தேதி தவறினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். தபால் ரசீதை மனு நகலோடு குத்தி வையுங்கள்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே?
– வாசகர், களக்காடு ஒன்றியம்

பதில்: தீர்மானம் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். “குடிநீர் வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று இருந்தால் அது எந்த மேசைக்கும் போகாது. எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதியில், எந்த அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தீர்மான வாசகம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதி, உரக்க வாசித்த பிறகே போடுங்கள். குறைந்தபட்சம் வேண்டிய வருகை எண்ணிக்கையையும் கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது குறைந்தால் தீர்மானத்தை எளிதாக ஒதுக்கிவிடலாம். அடுத்த சபையில் முதல் கேள்வியாக, போன சபைத் தீர்மானத்தை அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள்.