பொது டிரெயின் விரியலாக்கியும் கரன்ற் மிரரும்: கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): பொது டிரெயின் விரியலாக்கியின் நயம் (வெளியீட்டு வோல்ற்றளவு உள்ளீட்டைப்போல் எத்தனை மடங்கு என்பது) ஒன்றைத் தாண்டாது என்றால், அதை ஏன் விரியலாக்கி என்கிறோம்?

பதில்: மொஸ்பெற் என்ற திரான்சிற்றரின் கேற்று முனையில் சைகையைக் கொடுத்து, சோர்சு முனையில் எடுக்கும் சுற்று இது. வோல்ற்றளவு பெருகாவிட்டாலும் வலு பெருகுகிறது. வீணையில் ஒட்டிய பீசோவின் (அதிர்வை மின்சைகையாக்கும் தகட்டின்) ஒலி மெலிந்து வருவதாக நிலாவெளி வாசகர் கேட்டதற்கும் இதுவே விடை. பீசோவை 1 நனோபரட் கொள்ளளவியாக எடுத்துக்கொண்டால், 10 கிலோஓம் பெய்ப்புத் (உள்ளீட்டுத்) தடையுள்ள மிக்சரில் அதை நேரே செருகும்போது 16 கிலோஹேர்ட்சுக்குக் கீழுள்ள அனைத்தும் தேய்ந்து, தகரத்தில் தட்டியது போன்ற ஓசையே மிஞ்சும். இடையில் ஒரு மொஸ்பெற்றை வைத்து, அதன் கேற்றுக்கு 10 மெகாஓம் தடையி கொடுத்தால் அந்த எல்லை 16 ஹேர்ட்சுக்கு இறங்கிவிடும். சோர்சுப் பக்கப் பயப்புத் (வெளியீட்டுத்) தடையோ சில நூறு ஓம்தான். சுற்றை வீணைப் பக்கத்திலேயே பொருத்துங்கள். மிக்சர் பக்கம் வைத்தால் கேபிள் வழிநெடுக இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (திருகோணமலை நகர்): எனக்கு நயம் 0.67 தான் வருகிறது. சோர்சில் 1 கிலோஓம், ஓட்டம் 1 மில்லியம்பியர்.

பதில்: கேற்றில் 1 வோல்ற்று மாறினால் ஓட்டம் 2 மில்லியம்பியர் மாறும் திரான்சிற்றராக இருந்தால், கணக்கு 2/(1+2), அதாவது 2/3 என்றே வரும். தடையியை 10 கிலோஓம் ஆக்கினால் நயம் 0.95 ஆகும், ஆனால் அதே ஓட்டத்துக்கு அத்தடையி மட்டுமே 10 வோல்ற்றை விழுங்கிவிடும். கரன்ற் மிரர், அதாவது ஒரு திரான்சிற்றரின் ஓட்டத்தை இன்னொன்றில் பிரதிசெய்யும் சுற்று, தேவைப்படுவது இங்கேதான்: குறைந்த வோல்ற்றளவில் ஓட்டத்தை நிலையாக வைத்துக்கொண்டு, சைகைக்கு மட்டும் பெருந்தடையாக அது நிற்கும்.

கேள்வி (கிண்ணியா): இரண்டு 2என்7000 மொஸ்பெற்றுகள் கொண்டு மிரர் செய்தேன், ஓட்டங்கள் ஒத்துவரவில்லை.

பதில்: ஒத்துவந்திருந்தால்தான் வியப்பு. அந்த வகை திறக்கத் தொடங்கும் வோல்ற்றளவு 0.8 முதல் 3 வரை எங்கும் இருக்கலாம் என்று தகவல் தாளே கூறுகிறது. ஒரே கேற்று வோல்ற்றளவு ஒரே ஓட்டத்தைத் தர, இரண்டும் ஒரே சில்லில் பிறந்திருக்க வேண்டும். ஒரே சில்லில் பல மொஸ்பெற்றுகள் அடங்கிய சிடி4007 வாங்குங்கள்.

கேள்வி (மூதூர்): இருமுனைவுத் திரான்சிற்றர் மிரரில் பயப்பு ஓட்டம் மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: பயப்புப் பக்கத் திரான்சிற்றர் சூடாகிறது. பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று வீதம் அதன் அடி–காலி (பேஸ்–எமிற்றர்) வோல்ற்றளவு இறங்குவதால், 10 பாகை வித்தியாசமே ஓட்டத்தை இரட்டிப்பாக்கப் போதும். 1 மில்லியம்பியருக்கு இரு காலிகளிலும் 220 ஓம் இடுங்கள். அதே வித்தியாசத்தில் பிழை 8 சதவீதமளவில் அடங்கும். இரண்டையும் தட்டைப் பக்கம் சேர ஒட்டிவிட்டால் இன்னும் குறையும்.